வழக்கு தாளில் இருக்கட்டும்: மன்னிப்பும் உடல்நலமும்



மன்னிப்பு என்றதும் சமயச் சொற்பொழிவு என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், ஆறாத கால் புண், இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். ஆகவே கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பிரஷர் பார்க்கும்போது நாங்கள் முதலில் சொல்வது, "பேசாதீங்க" என்பதுதான். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். காலைக் குறுக்கே போடக் கூடாது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பேசினாலே அளவு கூடிவிடும். ஆனால் நம் அம்மாமார் பேசாமல் இருப்பார்களா? மழையைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் ஏறும். பேரன் பரீட்சையைப் பற்றிப் பேசினால் இன்னும் கொஞ்சம். கூடப்பிறந்த தம்பி அப்பாவின் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட கதை வந்துவிட்டால், பாதரசம் நின்ற இடத்தில் நிற்காது. "அதெல்லாம் ஆச்சுங்கய்யா பல வருஷம், நான் எப்பவோ மறந்துட்டேன்" என்று வாய் சொல்லும். பட்டை வேறொன்று சொல்லும். கொஞ்ச நேரம் வெளியே காற்றாட உட்கார வைத்து மறுபடி எடுத்தால் இறங்கியிருக்கும். அந்த இரண்டாவது அளவைச் சீட்டில் எழுதி அனுப்பிவிடுவோம். முதல் அளவுக்கு என்ன காரணம் என்று எழுத அந்தச் சீட்டில் இடம் கிடையாது.

நம்மவர் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சுகாதார அமைச்சே எண்ணிச் சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். இதற்குக் காரணம் கோபம் என்று நான் சொன்னால் என்னை மறுபடி கிளினிக் பக்கமே விடக் கூடாது. பரம்பரை இருக்கிறது, சோறு இருக்கிறது, கட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி இருக்கிறது. விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு எழுந்து மேடும் பள்ளமும் நடந்து ரப்பர் மரம் வெட்டிய உடம்பு, தாமான் குடியிருப்பு வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டதும் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே இனிப்பும் கொழுப்பும் உரசி வைத்திருக்கும் ரத்தக் குழாய்க்கு, கோபம் கூடுதல் சுமை. இதை ஊகமாகச் சொல்லவில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள்.

2024இல் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டைச்சி ஷிம்போ குழுவினர் செய்தது. நோய் எதுவும் இல்லாத இளவயதினர் 280 பேர். அவர்களில் ஒரு பகுதியினரைத் தங்களுக்குக் கோபமூட்டிய ஒரு பழைய சம்பவத்தை எட்டு நிமிடம் நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்களில் சிலருக்குப் பதற்றம் தரும் நினைவு, சிலருக்குத் துக்கம் தரும் வாசகங்கள், சிலருக்கு வெறுமே எண்களை எண்ணும் வேலை. பிறகு ரத்தக் குழாய் தேவைக்கேற்ப எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். கோபக்காரர்களுக்கு மட்டும் விரியும் திறன் குறைந்தது. நாற்பது நிமிடம் வரைக்கும் அந்தக் குறை நீடித்தது. துக்கத்துக்கும் பதற்றத்துக்கும் அப்படித் தெளிவான பாதிப்பு தெரியவில்லை. எட்டு நிமிட நினைவுக்கு நாற்பது நிமிட வட்டி! கோப்பிக் கடையில் காலையில் ஒரு தடவை, கோயில் கூட்டத்தில் ஒரு தடவை, ராத்திரி மனைவியிடம் ஒரு தடவை என்று அதே பங்காளிக் கதையைச் சொல்லுகிறவர் தம் ரத்தக் குழாய்க்கு ஒரு நாளில் எத்தனை நேரம் ஓய்வு தருகிறார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோபம் வந்தால் உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, ரத்தம் உறைவது சற்று எளிதாகிறது. பாம்பைக் கண்ட வெட்டுக்காரருக்கு இதெல்லாம் தேவை. ஓடிவிடுவார் அல்லது அடித்துவிடுவார், விஷயம் முடிந்துவிடும். பழைய துரோகத்தை நினைக்கிறவருக்கு ஓட இடமில்லை, அடிக்க ஆளில்லை. சர்க்கரை மட்டும் ஏறி நிற்கிறது. 2014இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடும் கோபம் வெடித்த பிறகான இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று கண்டார்கள். பயந்துவிட வேண்டாம். ஒருவருக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் சாதாரணமாக இருக்கும் வாய்ப்பு மிகச் சிறியது; அதன் ஐந்து மடங்கும் சிறியதுதான். ஆனால் ஏற்கெனவே நெஞ்சுவலி உள்ளவர், தினம் பல தடவை வெடிக்கிறவர் என்றால் சிறியதெல்லாம் கூடிக்கொண்டே போகும்.

சரி, கோபம் கெடுக்கிறது, அது பாட்டிக்கும் தெரியும். மன்னித்தால் சரியாகிறதா? அதுதான் நம் கேள்வி.

2001இல் மிச்சிகனில் ஹோப் கல்லூரியைச் சேர்ந்த ஷார்லட் விட்லியட், 71 மாணவர்களைத் தங்களுக்குத் தீங்கு செய்த ஒருவரை மனத்தில் நிறுத்தச் சொன்னார். ஒரு சுற்றில் வன்மத்தோடு நினைக்க வேண்டும், இன்னொரு சுற்றில் அவரும் ஒரு மனிதர் என்று நினைத்து மன்னிப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். ஆள் அதே ஆள், தீங்கு அதே தீங்கு. வன்மச் சுற்றில் புருவத் தசை இறுகியது, தோல் வியர்த்தது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடின. ஓய்வெடுக்கச் சொன்ன பிறகும் முழுதாக இறங்கவில்லை. மன்னிக்கும் சுற்றில் அந்த அளவு ஏறவில்லை. இது மாணவர்களின் கற்பனை ஆட்டம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்.

அதற்குப் பதில் சொல்ல இன்னோர் ஆய்வு இருக்கிறது. தெரண்டாக் ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு அது பொருத்தமானதுகூட, ஏனென்றால் இது முன்னாள் ராணுவத்தினரைப் பற்றியது. இதய நோய் உள்ள அமெரிக்கப் படைவீரர்கள். கோபமூட்டும் சம்பவத்தை நினைக்கச் சொல்லிவிட்டு இதயத் தசைக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று படம் எடுத்தார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் என்ரைட் வகுத்த முறைப்படி, மன்னிப்புப் பயிற்சி. சில வாரங்கள் கழித்து மறுபடி அதே படம். பயிற்சி பெற்றவர்களுக்குக் கோபத்தை நினைக்கும்போது ரத்த ஓட்டத்தில் விழும் குறை முன்னைவிடக் குறைந்திருந்தது. 2009இல் வெளியான ஆய்வு. கடைசி வரை இருந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. இவ்வளவு சிறிய கூட்டத்தை வைத்து நான் யாருக்கும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லலாம்.

பெரிய கூட்டத்தை வைத்தும் ஆய்வு செய்திருக்கிறார்கள். கொலம்பியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன், ஹாங்காங், நம் நீரிணைக்கு அக்கரையில் உள்ள இந்தோனேசியா, இந்த ஐந்து இடங்களில் 4,598 பேரிடம் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். சுமார் மூன்று மணி நேரத்தில் தாமே எழுதி முடிக்கக்கூடியது. எழுதியவர்களுக்கு வன்மம் குறைந்தது, மனச்சோர்வும் பதற்றமும் சற்றுக் குறைந்தன. 2024இல் முடிவு வெளிவந்தது. மனத்தை அளந்தார்களே தவிர உடம்பை அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் புத்தகத்தின் முறையை உருவாக்கியவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த எவரெட் வொர்திங்டன். மன்னிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தவருக்கு 1996 புத்தாண்டில் செய்தி வந்தது: திருட வந்தவர்கள் அவருடைய தாயை அடித்துக் கொன்றுவிட்டார்கள். அந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. தாயின் உடலை முதலில் கண்டெடுத்த தம்பி, சில ஆண்டுகள் கழித்துத் தற்கொலை செய்துகொண்டார். கொலைகாரனை மன்னித்த அண்ணனுக்கு, தம்பியைக் காப்பாற்றாத தன்னை மன்னிப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. அதைப் பற்றி அவரே பின்னர் புத்தகம் எழுதினார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கண்டிப்பு. இன்றிரவு யாரையாவது மன்னித்துவிட்டு நாளைக் காலை அம்லோடிபினையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தினீர்கள் என்றால், அடுத்த மாதம் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில்தான் சந்திப்போம். மன்னிப்பு மாத்திரைக்குத் துணை, மாற்று இல்லை.

கோபம், பொறுமை என்ற இந்த விஷயத்தை வள்ளுவர் இரண்டாகப் பிரித்து வைத்ததை நான் ரசிப்பதுண்டு. பொறையுடைமை இல்லறவியலில் வருகிறது, வெகுளாமை துறவறவியலில். குடும்பத்துக்காரன் கோபமே வராமல் இருக்க முடியாது, வந்த பிறகு பொறுத்துக்கொண்டால் போதும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. புலவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். எனக்கு என் காரணம் போதும்.

இனி, ஒரு வெள்ளைக்காரர் வழியாக நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மன்னிப்பு பற்றி மேலைநாட்டார் எழுதும் புத்தகங்களில் அடிக்கடி வரும் ஒரு பெயர் எரிக் லோமாக்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் சிக்கினார். ஜப்பானியர் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில் பாதை முகாமில் ரகசியமாக வானொலி வைத்திருந்ததற்காக 1943இல் காஞ்சனபுரியில் கைகள் முறிய அடிக்கப்பட்டார், தண்ணீரால் மூச்சு முட்ட வதைக்கப்பட்டார். விசாரணை முழுக்க அவர் காதில் விழுந்த குரல், மொழிபெயர்ப்பாளர் நாகாசே தகாஷியுடையது. போர் முடிந்து அரை நூற்றாண்டாகியும் லோமாக்ஸ் கனவில் அந்தக் குரல் வந்தது. நாகாசேயோ போர் முடிந்ததுமே அந்தப் பாதை நெடுகக் கைதிகளின் புதைகுழிகளைத் தேடும் வேலையில் நேச நாட்டுப் படையோடு போனவர். மிச்ச வாழ்நாளைப் பிராயச்சித்தமாகவே கழித்தார். 1993இல் இருவரும் குவாய் ஆற்றுப் பாலத்தருகே சந்தித்தார்கள். நாகாசே மன்னிப்புக் கேட்டார். லோமாக்ஸ் பிறகு ஜப்பானுக்குப் போய் மன்னித்ததாக எழுத்தில் கொடுத்தார். நாகாசே 2011இல் காலமானார். லோமாக்ஸ் 2012இல், 93 வயதில் இறந்தார்.

நல்ல கதை. படமாகவும் வந்தது. ஆனால் அந்தப் பாதையில் அவரோடு கல் உடைத்தவர்கள் யார்? சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், 1942 செப்டம்பர் முதல் 1943 அக்டோபர் வரை. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளிகள் சுமார் 75,000 பேர், பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர். சம்பளம் தருகிறோம், அரிசி தருகிறோம் என்று சொல்லி ஏற்றினார்கள். ஆள் போதாதபோது இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தியும் பிடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு மருந்து இல்லாவிட்டாலும் டாக்டர் இருந்தார், அதிகாரி இருந்தார், யார் செத்தார் என்று எழுதி வைக்க ஆள் இருந்தார். நம்மவருக்கு அதுவும் இல்லை. வாந்திபேதி வந்த முகாம்களில் குடிசை குடிசையாகச் செத்தார்கள். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழனுக்குப் பெயர்க் கல் கிடையாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்ன'மும் நாமே வைத்துக்கொண்ட கல்.

அந்தத் தோட்டத் தமிழரிடம் எந்த நாகாசேயும் வரவில்லை. 1967இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்பாடு செய்தன. இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புள்ள பொருளும் சேவையும் அரசாங்கத்துக்கு வந்தன. சயாமிலிருந்து திரும்பிய தொழிலாளியின் கைக்கோ, திரும்பாதவருடைய விதவையின் கைக்கோ அதிலிருந்து காசு வரவில்லை. இந்த நிலையில் ஒருவர் எழுந்து, "அம்மா, மன்னித்துவிடு, உன் பிரஷருக்கு நல்லது" என்றால் அதைவிடக் கொடுமை வேறில்லை. கேட்கிறவர் இல்லாத இடத்தில் யாருக்குக் கொடுப்பது?

இங்கேதான் ஓர் ஆய்வு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அயோவாவின் லூத்தர் கல்லூரியைச் சேர்ந்த லோரன் டுசெய்ன்ட்டும் உடனிருந்தவர்களும் 2012இல் வெளியிட்டது. 66 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் ஆயிரத்துக்கும் மேலானவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். "அவன் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று நிபந்தனை வைத்தவர்கள், வைக்காதவர்களைவிடச் சீக்கிரம் இறக்கும் போக்கு தெரிந்தது. ஒன்றோடொன்று சேர்ந்து வந்தது என்பதால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் காரணம் புரிகிறது. நிபந்தனை வைத்தவர் தம் நிம்மதியின் சாவியைத் தீங்கு செய்தவரிடமே கொடுத்து வைத்திருக்கிறார். அவர் டோக்கியோவில் இருக்கலாம், கல்லறையில் இருக்கலாம், அடுத்த தாமானில் இருக்கும் தம்பியாகவும் இருக்கலாம்.

அப்படியானால் கணக்கைக் கிழித்துப் போட வேண்டுமா? கூடாது. மன்னிப்பை ஆராய்கிற என்ரைட்டும் வொர்திங்டனும் இதில் தெளிவாக இருக்கிறார்கள்: மன்னிப்பது வேறு, சமரசம் வேறு, வழக்கைக் கைவிடுவது வேறு. தோட்டத்தை விற்றுவிட்டு வீடு தராமல் போன கம்பெனி மீது வழக்குப் போட்டுக்கொண்டே ஒருவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். சொல்லப்போனால், தூங்கினவர்தான் மறுநாள் தொழிலாளர் இலாகாவில் தேதி பிசகாமல் பேசுவார். உடம்பைக் கெடுப்பது கோரிக்கை இல்லை, அதே காட்சியை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான். கோரிக்கையைத் தாளில் வைக்கலாம்; ரத்தத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை.

தாள் என்று நான் சும்மா சொல்லவில்லை. 1986இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி நாளுக்குக் கால் மணி நேரமாக நான்கு நாள் மாணவர்களை எழுத வைத்தார். நடந்ததையும் அதனால் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே டாக்டரிடம் போனார்கள். இதைப் பிறகு பலரும் செய்து பார்த்தார்கள். சில இடங்களில் பலன் சிறியது, சில இடங்களில் இல்லை. எழுதும் முதல் நாள் மனம் கனக்கும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். வொர்திங்டனின் பயிற்சிப் புத்தகமும் அடிப்படையில் எழுத வைப்பதுதான்: நடந்ததை மிகைப்படுத்தாமல் எழுது, அவன் ஏன் அப்படிச் செய்திருப்பான் என்று எழுது, நீ யாரிடமாவது மன்னிப்பு வாங்கியதை எழுது, பிறகு இவனை மன்னித்தேன் என்று கையெழுத்துப் போடு. கோபம் மறுநாள் திரும்பி வரும். வரும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்.

இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டில் அடிபடும் பெண்ணிடம் போய்ப் பொறுத்துப் போகச் சொல்லிவிடாதீர்கள். ஜேம்ஸ் மெக்நல்டி என்ற அமெரிக்க ஆய்வாளர் புதிதாய் மணமான 72 தம்பதியரை நான்கு ஆண்டு கவனித்தார். எளிதில் மன்னிக்கும் துணையைப் பெற்றவர்களின் ஏச்சும் அடியும் அப்படியே நீடித்தன. எளிதில் மன்னிக்காதவர்களின் துணைவர்களிடம் அவை குறைந்தன. அடி நிற்காதவரை மன்னிப்பைப் பற்றிப் பேசவே கூடாது. முதலில் அழைக்க வேண்டியது 15999 என்ற தாலியான் காசே உதவி எண். குடும்ப வன்முறைச் சட்டம் 1994இலேயே இந்த நாட்டில் நிறைவேற்றப்பட்டது. பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு மன்னிப்பதா வேண்டாமா என்பது அவள் பாடு. கோயில் தலைவருக்கும் அதில் வேலையில்லை, எனக்கும் இல்லை.

நம்மைச் சுற்றியுள்ள மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளில் பெரியவர் சிறியவர் பாராமல் தெரிந்த பிழைக்கும் தெரியாத பிழைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் வீட்டுத் திறந்த இல்லத்துக்குப் போய் லெமாங்கும் ரெண்டாங்கும் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். நமக்குத் தீபாவளி எண்ணெய்க் குளியல் உண்டு, பெரியவர் காலில் விழுவது உண்டு. அது ஆசி கேட்பது. பெரியவர் சிறியவரிடம் மன்னிப்புக் கேட்க நமக்கு ஒரு நாள் இல்லை. அப்பா மகனிடம் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறோம். சாவு வீட்டில் பெட்டிக்கு முன்னால் நின்று கதறிக் கேட்கிறோம், கேட்க வேண்டியவர் காதில் விழாத நேரத்தில். பிறரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால், நான் முதலில் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். 1943இல் பத்து வயதுப் பிள்ளையாக அப்பா சயாமுக்கு லாரி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அப்படி யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் டிவிஷன், பெயர் கொடுத்த மண்டோர் யார், எந்த மாதம், யார் யார் போனார்கள், யார் திரும்பினார்கள், திரும்பாதவர் வீட்டில் யார் சோறு போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட்டு மறுநாள் வாருங்கள். எழுதி முடித்ததும் அவர்களுக்கே படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். மன்னித்தீர்களா என்று கேட்காதீர்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள், இன்னொன்றை இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளைக் குழுவிடம் கொடுங்கள். பத்திரப்படுத்தி வைப்பதாகச் செயலாளர் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.